அவுக வந்துருக்காக

எங்கள் பேய் முதன்முதலாகத் திரையில் தலைகாட்டியபோது மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. லேசான சிரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தி முதுகில் ஒருத்தி அடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின்னால் நாற்காலியில் இருந்த ஒருவர், "ஏலே, அது நம்ம உரக்கடைக்காரன் தங்கச்சிடா!" என்று கத்தினார். "அக்கா, அங்கன புகைக்குள்ள நின்னு என்ன பண்றீக?" என்று இன்னொரு குரல் கேட்டது. அதோடு சோலி முடிந்தது. அந்தப் பேய் நான்தான். வெள்ளைச் சேலை, விரித்துப்போட்ட முடி, முகத்தில் அரை டப்பா பவுடர். படத்தை எடுத்தவளும் நான்தான், பின்வரிசையில் உட்கார்ந்து அதை மடிக்கணினியில் ஓட்டிக்கொண்டிருந்தவளும் நான்தான். காதெல்லாம் சூடாகிப்போய்ப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். கதை எழுதிய மதினி முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையை அவள் பார்க்கவே இல்லை.

மதினி என் அண்ணன் பெண்டாட்டி. தேவதானப்பட்டியிலிருந்து கோம்பைக்கு வாக்கப்பட்டு வந்தவள். கணக்கில் பட்டம் வாங்கியவள், ரசம் வைக்கத் தெரியாதவள், பேய்க்கதை என்றால் உயிரை விடுபவள். பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றி, வேலைக்குக் கிளம்பும் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் சோறு போட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு மத்தியானம் அவளுக்கென்று கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் கதை. முதலில் செல்போனில் தட்டி எழுதுவாள். பிறகு படுக்கையறைப் பீரோவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு, தன் குரலிலேயே சொல்லிப் பதிவு செய்வாள். வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்க அந்தப் பீரோதான் எங்கள் வீட்டு ரெக்கார்டிங் தியேட்டர். முதல் தடவை நான் அதைப் பார்த்த அன்று, பீரோவுக்குள்ளிருந்து "அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை" என்று குரல் மட்டும் வந்தது, இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மதினி தெரிந்தாள். கதையைவிட அதுதான் பயங்கரமாக இருந்தது. அந்தப் பதிவுகளை யூடியூபில் போடுவாள். கறுப்புத் திரையும் ஒரு குரலும், வேறு ஒன்றும் இருக்காது. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், காய்ச்சலில் படுத்துக் கிடப்பவர்கள் என்று யார் யாரோ கேட்டார்கள். "அக்கா, உங்க கதையக் கேட்டுட்டு குளிக்கப் போக முடியல" என்று ஒருவர் எழுதியிருந்ததை, வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் மதினி வாசித்துக் காட்டினாள். பால்காரரைக்கூட விடவில்லை.

அவள் கதைகளில் பேய் ராத்திரியில் வராது. உச்சி வேளையில்தான் வரும். "ராத்திரியில எல்லாரும் வீட்ல இருப்பாக. அப்ப வந்து பேய் யாரத் தனியாப் பிடிக்கும்? மத்தியானந்தான்டி வீட்டுப் பொம்பள தனியாக் கெடப்பா" என்பாள். கேட்கும்போது சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வெயில் கொளுத்துகிற நேரம், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லாதபோது, குளியலறையில் வாளி மட்டும் தரையில் உரசுகிற சத்தத்தை அவள் சொல்லக் கேட்டால் தெரியும். நான் பட்டப்பகலில் குளியலறைக்குத் துணைக்கு ஆள் தேடுவேன்.

அண்ணன் மட்டும் எதற்கும் மசியமாட்டான். உத்தமபாளையத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். தங்கமானவன், வாய்தான் கொஞ்சம் நீளம். மதினி கதையை ஆரம்பித்தால் நடுவில் கொட்டாவி விடுவான். "கரப்பான்பூச்சியப் பாத்தாக் கட்டில்ல ஏறி நிக்கிறவ ஊரப் பயமுறுத்தப் போறாளாம்" என்று சிரிப்பான். கடையில் வேலை பார்த்த பையன் திருப்பூருக்குப் போய்விட்டதால், மத்தியானம் மதினி வந்து பில் போட்டுக் கொடுத்தால் ஒத்தாசையாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் மத்தியானம் போனால் கதை போச்சு. மதினி அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள், கடைக்குப் போகவும் மாட்டாள். "பாப்போம், பாப்போம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் மதுரையில் படித்துவிட்டுத் தேனியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தேன். மாலை மாற்றும்போது மேலேயிருந்து ரோஜாப்பூ கொட்ட வைப்பது என் வேலை. கொட்டிக் கொட்டிச் சலித்துப்போயிருந்தது. ஒருநாள் சாயங்காலம் மதினியின் புதுக் கதையைக் காதில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தவள், கோம்பையில் இறங்க மறந்து தேவாரம் வரைக்கும் போய்விட்டேன். கண்டக்டர் வந்து உலுக்கினார். அங்கிருந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "மதினி, நாம படம் எடுக்கிறோம்" என்றேன். "ஏ நாத்துனா, வெயில்ல அலைஞ்சியா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட கையை எடுக்காமலேயே, "எந்தக் கதைய?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கொண்டாட்டத்தை எப்படிச் சொல்வது! ஸ்டூடியோ அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இல்லையென்றால் கேமராவைத் தருவார். வீடு எங்கள் வீடு. லைட்டுக்கு வெயில் இருக்கிறது. பூஜையறைத் தாம்பாளத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, முற்றத்தில் சாய்த்து வைத்து, வெளிச்சத்தை உள்ளே திருப்பினோம். ரத்தத்துக்குப் பீட்ரூட் சாற்றில் சர்க்கரைப்பாகு கலந்தோம். நிறம் அசலாக இருந்தது, ஆனால் இரண்டாவது ஷாட்டுக்குள் எறும்பு வந்து மொய்த்து, பேய் ஐயோ அம்மா என்று குதித்தது. புகைக்குச் சாம்பிராணி. அதில் பேய்க்கு இருமல் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு கோம்பை நாய் உண்டு. அந்நியன் நிழல் வாசலில் விழுந்தாலே தொண்டையில் உறுமும். அது பேயைப் பார்த்துக் குரைத்தால் படம் வேறு லெவலுக்குப் போய்விடும் என்று கனவு கண்டோம். நான் வெள்ளைச் சேலையில் முடியை விரித்துப்போட்டு வந்து நின்றதும், அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து என் கையை நக்கியது. மதினி சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்போதே புரிந்திருக்க வேண்டும், எங்களுக்குப் புரியவில்லை.

வசனத்தையும் மதினிதான் எழுதினாள். அதில்தான் பெரிய வேடிக்கை. வீட்டில் நாள் முழுக்க "வந்தாக, போனாக, இங்கன வை, அங்கன எடு" என்று பேசுகிறவள், படத்துக்கென்று உட்கார்ந்ததும் "ஐயோ, அது வந்துடிச்சு! எல்லாரும் ஓடிப்போயிடுங்க!" என்று எழுதிவிட்டாள். சினிமா என்றால் அப்படித்தானே பேசுவார்கள்? எனக்கும் அது தப்பாகவே தெரியவில்லை. மாமியாராக நடித்த எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் அந்தப் பேச்சுப் பிடித்துப்போயிற்று. அவர் பிறந்ததும் வளர்ந்ததும் அனுமந்தன்பட்டி. "அது வந்துடிச்சு" என்பதை, பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் போல நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டு, "நல்லா வந்துச்சாத்தா?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்பார். அந்தக் கேள்வியை மட்டும் எடிட்டிங்கில் வெட்டினேன்.

அப்படி எடுத்த படத்தைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கல்யாண மண்டபத்தில், ஜன்னலையெல்லாம் தார்ப்பாயால் மூடி ஊரைக் கூட்டிப் போட்டோம். என்ன நடந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். முடிந்ததும் அண்ணன் எங்களிடம் வந்தான். கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவன் உண்மையான சந்தோஷத்தில், "சூப்பர் காமெடி பாப்பா, வயிறு வலிக்குது" என்று என் தலையைத் தட்டிவிட்டுப் போனான். மதினி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குப் பால் ஆற்றிக் கொடுத்து, கொடியில் கிடந்த துணியை மடித்து வைத்த பிறகு என்னிடம் வந்தாள். "இன்னொரு தடவ எடுப்போம். இதே மண்டபம், இதே ஆளுக. அப்பவும் சிரிச்சாகன்னா நான் இந்தக் கதை எழுதுற வேலைய விட்டுட்டு உங்கண்ணன் கடையில போய் உக்காந்துர்றேன். ஊரு சிரிக்கிறதுக்கா நான் பீரோக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கேன்?" என்றாள்.  மதினி சத்தம் போட்டால் பயமில்லை, ஒரு மணி நேரத்தில் மறந்துவிடுவாள். அன்றைக்கு அவள் சத்தமே போடவில்லை.

அடுத்த சில நாட்கள் வீடு வீடாகவே இல்லை. அப்பாவுக்கு வேறு ரோஷம் வந்துவிட்டது. தன் மகளைப் பார்த்துத் தெருவே சிரித்துவிட்டதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, காலையில் டீக்கடையிலிருந்து வந்ததும் சமையலறை வாசலுக்கு நேராகக் கிடக்கும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், யாரோடும் பேசமாட்டார். ஒருநாள் எனக்கு லீவு. மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டு, முடியைத் துவட்டியபடி கூடத்துக்கு வந்தேன். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு சத்தமில்லை. சமையலறையில் மதினி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அடுப்பைத் துடைத்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கி அவள் அம்மாவோடு மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா, வந்துட்டாக. காலையிலேயே வந்துட்டாக. இந்தா, எனக்குப் பின்னாடிதான் உக்காந்துருக்காக. ஒண்ணுமே பேச மாட்றாக. சோறு வச்சேன், தொடல. நான் என்ன செய்யிறேன்னு பாத்துக்கிட்டே இருக்காக..."

நான் நாற்காலியைப் பார்த்தேன். காலியாக இருந்தது. அதன் முன்னால் ஸ்டூலில் ஒரு தட்டுச் சோறு, கை வைக்கப்படாமல் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பிடரியிலிருந்து குதிகால் வரைக்கும் எனக்கு மயிர் சிலிர்த்தது. கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. "மதினி, யாரு?" என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. மதினி திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருப்பதைக் கண்டு அவளும் வெலவெலத்துப்போனாள். அதே நேரம் கொல்லைப்புறத்தில் கக்கூஸ் கதவு திறக்கிற சத்தமும், அதைத் தொடர்ந்து அப்பாவின் இருமலும் கேட்டன. மாமனார் எழுந்து போனதை மருமகள் கவனிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நான் கத்திய கத்தில் நாய் எழுந்து குரைத்தது. "மதினி! இதுதான்! இதுதான் மதினி!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். போனில் அவள் அம்மா, "ஏலா, அங்கன என்ன சத்தம்?" என்று அலறிக்கொண்டிருந்தார். மதினிக்கு ஒரு நொடிதான் பிடித்தது. அவள் கண் விரிந்ததைப் பார்த்தேன். "பேய வெளியேத்திரு" என்றாள். "உன்னையத்தான்டி சொல்றேன், பேயா நடிக்கவே வேண்டாம் நீ." என் பேய் வேலை அந்த இடத்திலேயே பறிபோனது. வாழ்க்கையில் வேலை போய் அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

அன்று முழுக்க இரண்டு பேரும் அதையே பேசித் தீர்த்தோம். ‘அது வந்துடிச்சு’ என்றால் ஓடிவிடலாம், கல்லை விட்டு எறியலாம், வேப்பிலையால் விரட்டலாம். ‘வந்துருக்காக’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்ய முடியும்? எழுந்து நிற்க வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும். சாப்பிடச் சொல்ல வேண்டும். எப்போது கிளம்புவார்கள் என்று கேட்கக்கூடாது. எங்கள் பக்கத்தில் மாமனார் பெயரையோ கொழுந்தனார் பெயரையோ மருமகள் வாயால் சொல்வது வழக்கமில்லை. எல்லோரும் ‘அவுக’தான். இந்தக் கட்டுரையில் நான் மதினியை ‘சொன்னாள்’ என்றே எழுதிக்கொண்டு வருகிறேன், அது உரிமையில் வருவது. நேரில் ‘சொன்னீக’ தவிர வேறு வாயில் வராது. வந்தாக, போனாக என்கிற அந்த ‘ஆக’வைத் தினமும் ஆயிரம் தடவை சொல்கிறோமே, அதற்குள் இப்படி ஒரு ஆள் ஒளிந்திருப்பது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

மதினி அன்றைக்கு ஒன்று சொன்னாள். அதுவரை அவள் என்னிடம் சொல்லாதது. "நான் கல்யாணமாகி இங்க வந்த புதுசுல, எந்திரிச்சு நின்னே பாதி நாளு போச்சு தெரியுமா? கூடத்துல உக்காந்துருப்பேன். ‘வந்துருக்காக, எந்திரி ஆத்தா’ன்னு ஒரு கொரல் வரும். எந்திரிச்சு நிப்பேன். வந்தது யாரு, என்ன ஒறவு, எத்தன நாளு இருப்பாக, ஒண்ணும் தெரியாது. தலையக் குனிஞ்சு நிக்கிறதுனால மொகமும் தெரியாது. காலு மட்டுந்தான் தெரியும். எனக்கு அம்புட்டுப் பயமா இருக்கும் புள்ள." அவள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அப்போது நான் கல்லூரி விடுதியிலிருந்து லீவுக்கு வந்து, புது மதினி எவ்வளவு அடக்கம் என்று தோழிகளிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

அதுவே கதையாகிவிட்டது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். உச்சி வேளை. ஒரு நாற்காலி. தினமும் அந்த நேரத்துக்கு வீட்டில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், வாங்க என்கிறார்கள், சோறு வைக்கிறார்கள். அவளுக்கு மட்டும் நாற்காலியில் யாரும் தெரியவில்லை. கேட்கவும் பயம். புதுப்பெண்ணாக நடிக்க ஆள் தேடி அலைந்தபோது மதினிதான், "ஆள் எதுக்கு? கேமராவையே பொண்ணாக்கிரு" என்றாள். அதனால் அந்தப் பெண் படத்தில் எங்குமே தெரியமாட்டாள். அவள் பார்ப்பதை மட்டும் நாம் பார்ப்போம். எல்லோரும் கேமராவைப் பார்த்துத்தான் அவளோடு பேசுவார்கள். வசனத்தையெல்லாம் வீட்டுப் பேச்சுக்கு மாற்றினோம். அனுமந்தன்பட்டிப் பெரியம்மாவிடம், "நீங்க சினிமா பேசாதீக, மருமககிட்டப் பேசுற மாதிரி பேசுங்க" என்றதும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "இம்புட்டுத்தானா? இதுல நடிக்கிறதுக்கு என்னத்தா இருக்கு?" என்று அலுத்துக்கொண்டே கேமராவைத் திரும்பிப் பார்த்து, குரலை ஒரு இழை தாழ்த்தி, "வந்துருக்காக. எந்திரி ஆத்தா" என்றார். கேமரா பிடித்திருந்த நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். ஷாட் ஆடிப்போயிற்று. அந்த ஆட்டத்தை அப்படியே படத்தில் வைத்துக்கொண்டேன். நாயும் இந்த முறை எங்களுக்குக் கைகொடுத்தது. நாற்காலிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது, யாரும் சொல்லாமல் தானாக எழுந்து, நாற்காலியை விட்டு ஒதுங்கிப் பின்வாசல் வழியாக வெளியே போயிற்று. அதற்குத் தாம்பாளத்து வெளிச்சம் உறைத்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரி உறைத்தது.

இரண்டாவது தடவை படம் போடுகிறோம் என்றதும் ஊர் திரண்டு வந்துவிட்டது. சிரிக்கத்தான் வந்தார்கள். முறுக்கும் கடலையும் மடியில் கட்டிக்கொண்டு, போன தடவை வராதவர்களையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணன் கடையை மத்தியானத்தோடு அடைத்துவிட்டு, கடைக்கு வரும் இரண்டு தோட்டக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்து நடுவரிசையில் உட்கார்ந்தான். "பாருங்க, எந்தங்கச்சி பவுடர் போட்டுட்டு வருவா" என்று அவன் அவர்களிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது. மதினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.  நான் படத்தை ஓடவிட்டேன்.

முதலில் சிரித்தார்கள். பெரியம்மா திரையில் வந்ததும் விசில் அடித்தார்கள். எங்கள் வீட்டுக் கூடம் தெரிந்ததும், "ஏ, புதுப் பெயிண்டு!" என்றார்கள். மதினியின் நகம் என் கையில் இறங்கியது. பேய் எப்போது வரும், உரக்கடைக்காரன் தங்கச்சி எப்போது வருவாள் என்று காத்திருந்தவர்களுக்கு யாருமே வரவில்லை. சோறு வைக்கிறார்கள். நாற்காலியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "வெயிலுக்குள்ள வந்துருக்கீகளே" என்று விசாரிக்கிறார்கள். நாய் எழுந்து வெளியே போகிறது. எங்கிருந்தோ வந்துகொண்டிருந்த முறுக்குக் கடிக்கிற சத்தம் நின்றது. பிறகு ஒரு குழந்தை மட்டும், "அம்மா, யாரு அங்கன?" என்று கேட்டது. அம்மா குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் அந்த மண்டபத்தில் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. திரையில் பெரியம்மா திரும்பினார். ஜமுக்காளத்தில் இருந்த அத்தனை பெண்களையும் நேருக்கு நேராகப் பார்த்தார்.

"வந்துருக்காக. எந்திரி ஆத்தா."

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டுகிறவள், எனக்கு முகம் தெரிந்தவள். எழுந்து முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அவள் எழுந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவள். அப்புறம் ஒரு வரிசை முழுக்க. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. காலகாலமாக அந்தக் குரலுக்கு எழுந்து நின்ற உடம்புகள் எழுந்து நின்றன, அவ்வளவுதான்.  அப்போதுதான் நடுவரிசையைப் பார்த்தேன். தோட்டக்காரர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டு, திரையில் தெரிந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி கையைக் கட்டி நின்றான்.

படம் முடிந்தது. ஒருவர்கூடக் கைதட்டவில்லை. தார்ப்பாயை விலக்கியதும் வெயில் உள்ளே வந்தது. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கூட்டமாக ஒட்டிக்கொண்டு வெளியே போனார்கள். பட்டப்பகலில் தனியாக வீட்டுக்குப் போக அத்தனை பேருக்கும் யோசனை. அந்தத் தோட்டத்துப் பெண் மட்டும் மதினியிடம் வந்தாள். "ஆத்தா, அவுக இப்பப் போயிட்டாகளா?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். மதினி அவள் கையைப் பிடித்து, "போயிட்டாக. நான் வாசல் வரைக்கும் போயி வழியனுப்பிட்டுத்தான் வந்தேன்" என்றாள். அவள் நகர்ந்ததும் மதினி என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் காது வரைக்கும் சிரித்தது. "எந்திரிச்சுட்டாகடி! ஏ நாத்துனா, எந்திரிச்சுட்டாகடி!" என்று என் தொடையில் கிள்ளினாள் பாருங்கள், ஒரு வாரம் நீலமாகக் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் காலி மண்டபத்தில் ஜமுக்காளத்தின் மேல் குதித்தோம், நாற்பதை நெருங்குகிற ஒருத்தியும் முப்பதைத் தாண்டிய ஒருத்தியும்.

 அண்ணன் அன்றைக்குச் சாப்பிடும்போது ஒரு தடவை நாற்காலியைப் பார்த்தான். தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பார்த்தும் பாராததுபோல் மதினி குழம்பை ஊற்றினாள். கடைக்கு வருகிறாயா என்ற பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவில்லை. தேவாரத்திலிருந்து ஒரு பெண்ணை பில் போடச் சேர்த்துக்கொண்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். மதினியின் பீரோ அடுத்த நாளிலிருந்தே திறந்துகொண்டது.

இப்போது நான் சென்னையில் ஒரு எடிட்டிங் ஸ்டூடியோவில் இருக்கிறேன். பெரிய பெரிய பேய்ப் படங்களெல்லாம் கைக்கு வருகின்றன. கம்ப்யூட்டரில் செய்த பேய், ரத்தம் கொப்பளிக்கிற பேய், காதைக் கிழிக்கிற இசையோடு திரையை உடைத்துக்கொண்டு வருகிற பேய். வேலை என்று பார்க்கிறேன், நன்றாகவும் செய்கிறேன். ஆனால் எந்தப் பேய்க்கும் நான் எழுந்து நின்றதில்லை. எங்கள் சின்னப் படம் கேரளத்தில் ஒரு சிறிய விழாவுக்குப் போனபோது அதற்கு அடியில் ஆங்கிலத்தில் வரி போட வேண்டியிருந்தது. "வந்துருக்காக" என்ற இடத்தில் வந்து உட்கார்ந்தேன், ஒரு முழு நாள் போயிற்று. அவர் வந்திருக்கிறார் என்றால் ஒரு ஆள் வந்துவிடுகிறார். அவர்கள் என்றால் கூட்டமாகிவிடுகிறது. மரியாதையை எந்த எழுத்தில் போடுவது? கடைசியில் அந்த வரியை எழுதாமலேயே விட்டேன். குமுளியில் படம் பார்த்த ஒரு மலையாளப் பெண்மணி, வார்த்தை புரியாவிட்டாலும் அந்த இடத்தில் தனக்குக் கை குளிர்ந்துவிட்டது என்று எனக்குச் செய்தி அனுப்பினார்.

மதினி இப்போது முழுநீளப் படத்துக்கு நோட்டில் கதை எழுதுகிறாள். அதில் ஒரு சந்தேகம் கேட்க, போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அவள் நம்பருக்குக் கூப்பிட்டேன். அண்ணன் எடுத்தான். மத்தியானத்தில் அவன் வீட்டில் இருப்பதே எனக்கு ஆச்சரியம். பின்னால் ஒரு சத்தமில்லை. டி.வி.கூட ஓடவில்லை. அவன் குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட ரகசியம்போல, "பாப்பா, அப்புறமா பேசு. உள்ள இருக்காக" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. யாரோ பெரியவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள், அண்ணன் எழுந்து நின்றுகொண்டு பேசுகிறான் என்றே நினைத்தேன். "யாருண்ணே வந்துருக்கா?" என்றேன்.

"யாரும் வரல. உங்க மதினிதான், எழுதிக்கிட்டு இருக்காக" என்றான்.